பள்ளம் எத்தனை நாள் திறந்திருக்கும்?

பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை வீட்டு இணைப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். மொத்த வேலையும் முடிய எத்தனை மாதம் என்பதும் அறிவிப்புப் பலகையில் இருக்கும். இந்த வீட்டு வாசலில் எந்தத் தேதியில் தோண்டுவார்கள், எந்தத் தேதியில் மூடுவார்கள் என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

தெருவாசிகள் படும் பாட்டில் பெரும்பங்கு, பள்ளம் திறந்து கிடக்கும் நாட்களால் வருகிறது. தூசி, வியாபார இழப்பு, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாத பயம், சுவர் விரிசல், குடிநீரில் நாற்றம் எல்லாமே நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகின்றன. காவிரி டெல்டாவில் இது மற்ற ஊர்களைவிடக் கடுமை. இங்கே மண்ணும் தண்ணீரும் திறந்த பள்ளத்தைச் சும்மா விட்டுவைப்பதில்லை. ஆகவே கும்பகோணமோ தஞ்சாவூரோ மயிலாடுதுறையோ திருவாரூரோ, எந்த ஊரில் பெரிய அளவில் தோண்டினாலும் முதலில் கட்டுப்படுத்த வேண்டியது அந்த நாட்களை.

இவ்வளவு ஆழமாக ஏன் தோண்ட வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். கழிவுநீர் தன் எடையாலேயே ஓட வேண்டும் என்பதால் குழாயைச் சரிவாகப் பதிக்கிறார்கள். சிறிய குழாய்களுக்கு ஆயிரம் அடிக்கு நான்கு அடி சரிவு என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டரில் குழாய் நான்கு மீட்டர் இறங்க வேண்டும். தஞ்சாவூருக்குக் கிழக்கே கடல்வரைக்கும் நிலமோ கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. மீதியை ஆழத்தில்தான் பிடிக்க வேண்டும். தெருமுனையில் இடுப்பளவு பள்ளமாகத் தொடங்கும் வேலை, நாலைந்து தெரு தாண்டியதும் ஓர் ஆளை விட இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போய்விடுகிறது. நடுவே நீரேற்று நிலையம் கட்டிக் கழிவுநீரை மேலே தூக்கி, அங்கிருந்து மறுபடியும் ஆழம் குறைந்த குழாயில் விடுவது இதனால்தான். நீரேற்று நிலையம் வைக்க இடம் கிடைக்கவில்லை, அல்லது யாரும் தங்கள் தெருவில் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள் என்றால், அதற்கான விலையைப் பக்கத்துத் தெருக்காரர்கள் ஆழமான பள்ளமாகக் கொடுக்கிறார்கள். எங்கே நீரேற்று நிலையம் வரும் என்ற பேச்சில் குடியிருப்போர் ஆரம்பத்திலேயே உட்கார வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது மண். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும் மெல்லிய மணலும் அடுக்கடுக்காகக் கிடக்கிற நிலம் இது. களிமண் அடுக்குக்குக் கீழே சன்ன மணல் இருந்து, அதில் தண்ணீரும் நின்றால், தோண்டிய பள்ளத்தின் அடியிலிருந்து மணலும் நீரும் சேர்ந்து கொப்பளித்து மேலே வரும். ஒரு பக்கம் ஜேசிபி அள்ள, மறுபக்கம் பள்ளம் நிரம்பிக்கொண்டே இருக்கும். வேலை செய்ய வேண்டுமானால் நீரை இறைத்தே ஆக வேண்டும். டீசல் பம்பை வைத்து இரவும் பகலும் இறைக்கிறார்கள்.

இறைக்கும்போது மண்ணுக்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது. நீர் தாங்கிப் பிடித்திருந்த களி அடுக்கு மெல்ல அழுந்தி உட்காருகிறது. அதன் மேல் நிற்கும் வீடும் சேர்ந்து உட்காருகிறது. ஆழம் குறைந்த கைப்பம்புகள் வேலை நடக்கும் நாட்களில் காற்று வாங்குவதும் இதனால்தான். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. இறைக்கும் நீரோடு சன்ன மணலும் வெளியேறிவிடுகிறது. அந்த மணல் எங்கிருந்து வந்தது? பள்ளத்தின் பக்கவாட்டிலிருந்து, அதாவது யாரோ ஒருவருடைய வாசற்படிக்கோ திண்ணைக்கோ அடியிலிருந்து. மேலே எதுவும் தெரியாது. சில மாதம் கழித்து மழை பெய்யும்போது தளம் உள்வாங்கும்.

எந்தக் கருவியும் இல்லாமல் குடியிருப்பவரே பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய அறிகுறி ஒன்று இங்கே இருக்கிறது. பம்பிலிருந்து வரும் நீரை ஒரு வாளியில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்கலாம். முதல் சில மணி நேரம் கலங்கலாக வருவது சகஜம். அதன் பிறகும் வாளியின் அடியில் மணல் படிந்துகொண்டே இருந்தால், வீட்டுக்கடியிலிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்துக்குள் நேராகப் பம்பை இறக்காமல், பக்கத்தில் சல்லடைக் குழாய்களை வரிசையாக இறக்கி அவற்றின் வழியே நீரை மட்டும் உறிஞ்சும் முறை உண்டு. செலவு கூடுதல்தான். ஆனால் வண்டல் நிலத்தில் வீடுகளை ஒட்டித் தோண்டும்போது அந்தச் செலவை ஒப்பந்தத்திலேயே சேர்க்காமல் விடுவது, அதை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதற்குச் சமம்.

டெல்டா நகரங்களின் பழைய தெருக்களில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. மெட்ராஸ் டெரஸ் மாடி, முன்னால் திண்ணை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், அடித்தளம் இரண்டு மூன்று அடி. சுண்ணாம்புக் கட்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உடனே உடையாது. ஆனால் ஒரே வீட்டின் முன்பக்கம் இறங்கி பின்பக்கம் அப்படியே நின்றால் அதுவும் தாங்காது. பொறியாளர்கள் தோராயமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளத்தின் அடியிலிருந்து 45 டிகிரியில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்குள் வரும் அடித்தளங்களுக்கெல்லாம் ஆபத்து உண்டு. நான்கு மீட்டர் ஆழப் பள்ளம் என்றால் ஏறத்தாழ நான்கு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் சுவர்கள். பதினைந்தடித் தெருவில் இரண்டு பக்கச் சுவரும் அதற்குள் வந்துவிடும்.

தோண்டும் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3764, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கங்களில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டிக் குவிக்கக் கூடாது, விலக்கி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது விதியைப் பழைய தெருக்களில் பின்பற்றவே முடியாது, இடமில்லை. மண்ணை அள்ளிய உடனே லாரியில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோவதுதான் ஒரே வழி. நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? ஒரு வீட்டுச் சுவர் மேல் சாய்த்துக் குவித்துவிடுகிறார்கள். பள்ளத்தின் ஓரத்தில் பாரம் ஏறுகிறது, பக்கம் சரிகிறது, மழை வந்தால் அந்த மண் முழுவதும் சேறாகி வாசலுக்குள் வருகிறது. உள்ளே இறங்கி வேலை செய்யும் தொழிலாளியின் உயிரும் இதே விதிகளில்தான் இருக்கிறது. அவருக்குப் பாதுகாப்பான பள்ளம் எதுவோ, அதுவே வீட்டுக்கும் பாதுகாப்பானது.

முட்டுக் கொடுப்பதிலும் ஒரு விஷயம். இரும்புத் தகடுகளை அதிர்வு இயந்திரத்தால் அடித்து இறக்கினால், அந்த அதிர்ச்சியே பழைய சுவரைப் பிளக்கலாம். ஜெர்மனியின் டி.ஐ.என். 4150 தரநிலை, மெதுவான அதிர்வுகளில் சாதாரணக் குடியிருப்புக்கு வினாடிக்கு 5 மில்லிமீட்டர், அதிர்வைத் தாங்காத பழங்காலக் கட்டடங்களுக்கு 3 மில்லிமீட்டர் என்று அதிர்வின் வேகத்துக்கு எல்லை வைக்கிறது. நூறு வயதான அக்கிரகார வீட்டையும், கோயில் மதிலையும் இரண்டாவது வகையில் வைப்பதே சரி. இரண்டு பக்கத் தகடுகளை நடுவில் குறுக்குக் கம்பிகளால் இணைத்த இரும்புப் பெட்டியைப் பள்ளத்துக்குள் இறக்கி, வேலை நகர நகர அதையும் இழுத்துக்கொண்டே போகும் முறையில் அடிக்கும் வேலையே குறைந்துவிடுகிறது.

வீட்டுக்கு என்ன ஆகும் என்பதைவிட, ஆன பிறகு அதை எப்படி நிரூபிப்பது என்பதே பலருக்குப் பெரிய சிக்கல். "இந்த விரிசல் முன்னாடியே இருந்தது" என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாக் கோரிக்கையும் முடிந்துபோகிறது. வேலை தொடங்குவதற்கு முன்பு நகராட்சியும் ஒப்பந்ததாரரும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, இருக்கிற விரிசலையெல்லாம் அளந்து, மூவரும் கையெழுத்துப் போட்ட பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டால் அந்த வாக்குவாதமே இல்லை. மெட்ரோ சுரங்க வேலைகளில் இது வழக்கமான நடைமுறை. பாதாளச் சாக்கடைக்கு ஏன் இல்லை? அதிகாரிகள் செய்யாவிட்டாலும் நாமே செய்யலாம். கைப்பேசியில் தேதியோடு படம் எடுத்து வைப்பது, விரிசலின் மேல் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டிப் பக்கத்தில் தேதி எழுதுவது. விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். கொத்தனார்களுக்குப் பழக்கமான முறைதான் இது. படங்களை உதவிப் பொறியாளருக்கு வேலைக்கு முன்பே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஓர் ஒப்புகையும் வாங்கி வைத்தால் பின்னால் பேச வலு இருக்கும்.

தஞ்சாவூர் மாதிரி ஊர்களில் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்பதே முழுதாகத் தெரியாது. சிவகங்கைக் குளத்திலிருந்து அய்யன்குளத்துக்கு நிலத்தடியில் நீர் கொண்டுபோன பழைய பாதை, ஸ்மார்ட் சிட்டி வேலைகளின்போது குளத்தைச் சீரமைக்கையில் மறுபடியும் உயிர்பெற்றது. இப்படியான கால்வாய்களும், மூடிய கிணறுகளும், எந்த வரைபடத்திலும் இல்லாமல் சாலைக்கடியில் கிடக்கலாம். இவற்றைத் தெருவில் வயதானவர்கள் அறிவார்கள். தோண்டுவதற்கு முன் அவர்களிடம் கேட்பது ஒரு நாள் வேலை. மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் வகைக்கு, தோண்டுபவரும் கேபிள் வைத்திருப்பவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியையே கொண்டுவந்தது. குடிநீர்க் குழாயின் நிலைமை வேறு. அதுவும் பாதாளச் சாக்கடையும் நகராட்சியின் பொறுப்பிலேயே இருக்கின்றன, ஆனாலும் உடைகிறது.

குடிநீர்க் குழாய் உடைவதைச் சாதாரண இடைஞ்சலாக நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் சில மணி நேரமே வருகிறது. மீதி நேரம் குழாய் காலியாகவும் அழுத்தமின்றியும் இருக்கும். அப்போது உடைப்பு வழியே பள்ளத்தில் நிற்கும் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் முதல் குடம் அதுதான். வயிற்றுப்போக்கு தெருத்தெருவாகப் பரவுவது இப்படித்தான். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலைப்படி, குளோரின் கலந்து வழங்கும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். பள்ளம் திறந்திருக்கும் தெருவில் தினமும் கடைசி வீட்டுக் குழாயில் அதைச் சோதித்து, அளவைத் தெருமுனைப் பலகையில் எழுத வேண்டும். சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அளவு இல்லையென்றால் அன்று லாரித் தண்ணீர் வர வேண்டும்.

தூசிக்கும் சத்தத்துக்கும் விதிகள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்கின்றன. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தெருக்காரர்கள் சண்டை போட்டு இரவில் பம்பை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தினால் விடிவதற்குள் நீர் ஏறி, பள்ளத்தின் பக்கம் சரிந்துவிடும். கேட்க வேண்டியது சத்தம் குறைந்த மின்பம்பு, அல்லது ஒலித்தடுப்புக் கூண்டுக்குள் வைத்த ஜெனரேட்டர். உடைப்பதும் அள்ளுவதும் மட்டும் இரவில் கூடாது.

இனி காலண்டருக்கு வருவோம். எனக்கு இதுதான் மையமான விஷயம்.

டெல்டாவில் தோண்டுவதற்கான பருவத்தை ஆறு எப்போதோ முடிவு செய்துவிட்டது. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படுகிறது. நீர் வந்தபின் ஆறுகளும் வாய்க்கால்களும் கரை நிறைய ஓடும், ஊருக்கடியில் நீர்மட்டம் ஏறும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் கும்பகோணத்தில் இது இரண்டு பக்கமும் நடக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் பெரும்பகுதி டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆக, நிலம் ஓரளவு காய்ந்து நீர்மட்டம் கீழே இருப்பது பிப்ரவரியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை. நான்கு மாதம், சற்றுக் கூடுதல். அணை எப்போதும் சொன்ன தேதியில் திறப்பதில்லை: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை கடைசிவரை இழுத்தது. ஆனாலும் பொதுவான தாளம் மாறவில்லை.

நீர்வளத் துறை இதற்கு ஏற்றபடியே நடக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் வாய்க்கால் தூர்வாரும் வேலையைத் தண்ணீர் வருவதற்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். தாமதமானால் விவசாயிகள் சும்மா விடுவதில்லை. நகரத்துப் பள்ளத்துக்கு அப்படி ஒரு கெடு இல்லை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, டெண்டர் விட்டு, பேச்சுவார்த்தை முடிந்து, வேலை உத்தரவு கைக்கு வரும்போது ஆடி, ஆவணி ஆகிவிடும். ஒப்பந்ததாரர் புரட்டாசியில் ஜேசிபியை இறக்குகிறார். தீபாவளி வியாபாரம் நடக்க வேண்டிய கடைத்தெருவில் பள்ளம், அதில் ஐப்பசி மழை. டெண்டர் வேலைகளை ஆவணியிலேயே தொடங்கி, தை கடைசியில் தோண்ட ஆரம்பிக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஆழமான புதிய பள்ளம் கூடாது என்ற ஒரு நிபந்தனை பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். மழை மாதங்களில் நீரேற்று நிலையத்தின் மேற்கட்டு, வீட்டு இணைப்புகளுக்கான கணக்கெடுப்பு, குழாய் கொள்முதல் என்று செய்ய வேறு வேலைகள் எவ்வளவோ உண்டு.

கோடையிலும் நாட்களைக் குறைக்க வேண்டும். ஒரே நேரத்தில் அரை கிலோமீட்டரைத் தோண்டிப் போட்டுவிட்டு, குழாய் வரும், மேன்ஹோல் வளையம் வரும் என்று காத்திருப்பதுதான் பெரும் தாமதம். இரண்டு மேன்ஹோலுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 30 மீட்டர். அவ்வளவு மட்டும் தோண்டி, பதித்து, மூடி, கெட்டித்து, பிறகு அடுத்த 30 மீட்டரைத் தொடலாம். குழாயும் வளையமும் தளத்தில் வந்து இறங்கிய பிறகே தோண்ட அனுமதி. வீட்டு இணைப்புக் குழாயையும் அதே பள்ளத்தில் அப்போதே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே தெருவை மறுபடியும் வெட்டுவார்கள். மூடாத ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்ததாரர் பில்லில் பணப் பிடித்தம் என்று வைத்தால், மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

கடைக்காரர்கள் படும் இழப்புக்கு நம் ஊரில் யாரும் பதில் சொல்வதில்லை. வாடகைக் கடையில் பாத்திரம் விற்பவருக்கும், வாசலோரம் பூக்கட்டி விற்கும் அம்மாவுக்கும் மூன்று மாதப் பள்ளம் என்பது மூன்று மாத வருமானம். லண்டனில் தேம்ஸ் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குக் கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டியபோது, சத்தத்தால் பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு ஒலித்தடுப்புச் சன்னல், தேவைப்பட்டால் தற்காலிக மாற்றுத் தங்குமிடம், இழப்பீட்டுக் கோரிக்கையைப் பார்க்கத் திட்டத்தைச் சாராத தனிக் குழு என்று எழுதியே வைத்திருந்தார்கள். அந்த அளவுக்குப் பணம் நம் நகராட்சிகளிடம் இல்லை. அந்தத் தனிக் குழுவுக்குப் பெரிய பணம் தேவையில்லையே. சுவர் விரிசலுக்கு யார் பொறுப்பு என்பதை விரிசலை உண்டாக்கியவரே தீர்மானிக்கும் நிலை மாற, பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் கட்டடத் துறை ஆசிரியர் ஒருவரும், தெருவாசி ஒருவரும், நகராட்சியிலிருந்து ஒருவரும் இருந்தால் போதும். திட்ட மதிப்பீட்டில் ஒரு சிறு பங்கை இந்தச் சேதங்களுக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம். வாசல் அடைபட்ட மாதங்களுக்கு நகராட்சிக் கடை வாடகையைத் தள்ளுபடி செய்வதும், தெரு வியாபாரிகளுக்கு அருகிலேயே மாற்றிடம் காட்டுவதும் உள்ளூரிலேயே முடிகிற காரியங்கள்.

மூடுவதில் வரும் கோளாறு தோண்டுவதைவிட நீண்ட காலம் நிற்கும். மண்ணைப் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி ஜேசிபி பக்கெட்டால் மேலே நாலு தட்டுத் தட்டினால், முதல் மழையில் டவுன் பஸ் சக்கரம் இறங்கும். மூட்டுகள் சரியில்லாத குழாய் என்றால் மேலிருந்து மண் அதற்குள் போய்க்கொண்டே இருக்கும். மயிலாடுதுறையில் சாலை நடுவே திடீர் திடீரென்று பள்ளம் விழுவது எத்தனையோ முறை செய்தியாகியிருக்கிறது. அப்புறம், மூடியபின் போடும் சாலையின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டு போனதில் திண்ணை வீடுகள் பல சாலைக்குக் கீழே போய்விட்டன. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். பள்ளம் மூடிய தெருவிலும் அந்த உத்தரவைக் காட்டிக் கேட்கலாம். தோண்டுவதற்கு முன் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து வைத்திருந்தால் கேட்பது சுலபம்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? தமிழ்நாட்டில் வார்டு குழுவும், வார்டுக்குள் குடியிருப்போர் கூடிப் பேசும் பகுதி சபாவும் அமைப்பதற்கான விதிகள் 2022இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன. தெருவாரியான தோண்டும் தேதி, மூடும் தேதி, நீர் இறைக்கும் முறை, வேலைக்கு முன் வீட்டு விரிசல்களின் பதிவு, சேதத்துக்கான குழு ஆகியவற்றை அங்கே தீர்மானமாகவே வைக்கலாம். வேலை உத்தரவு வழங்கிய பிறகு நிபந்தனை சேர்ப்பது கடினம். டெண்டர் ஆவணம் தயாராகும்போதே போய் நிற்க வேண்டும்.

கும்பகோணத்துக்கு இது இப்போதே அவசரமான பேச்சு. 2016க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028 மாசியில். அதற்காகச் சாலை, வடிகால், குடிநீர், கழிவுநீர் என்று எந்த வேலை எடுத்தாலும், ஆழமாகத் தோண்டக் கிடைக்கும் கடைசி வறண்ட பருவம் 2027 பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை. அந்தப் பருவத்துக்கான டெண்டரை 2026 ஆவணியில் தொடங்கினால், குழாய்கள் தையில் தெருவுக்கு வந்துவிடும், மூடிய பள்ளம் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து இறுகவும் நேரம் இருக்கும். 2027 புரட்டாசியில் தொடங்கினால், மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இருப்பவர்கள் ஒரு மழைக்காலத்தைத் திறந்த பள்ளத்தோடு கழிப்பார்கள். இறுகாத மண்ணின் மேல்தான் அந்தக் கூட்டமும் நடக்கும்.